நாற்பதை ஒட்டி ஒரு குழந்தைக்கு முயல்வது: ஐவிஎஃப் கைக்கு எட்டாதவர்களுக்கான வழிகாட்டி

"ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது 39 வயதில் நடந்தது. கேட்ட காலத்தில் எரிச்சலாக இருந்தது. யாரும் கேட்காமல் போனபோதுதான் வயிற்றில் ஏதோ இறங்கியது போல இருந்தது.

எனக்கு 37 வயதில் கல்யாணம். மதுரைக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரமாகும் ஊர். ஒரே சம்பளம், அதில் பாதி தங்கை கல்யாணக் கடனுக்குப் போனது. ஐவிஎஃப், அதாவது முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கிக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிகிச்சை, ஒரு முறைக்கு இரண்டு லட்சம் வரை ஆகும் என்றார்கள். அது எங்களால் ஆகாது என்று அன்றே தெரியும். ஆகவே கையில் இருந்ததை வைத்துத்தான் முயன்றோம். அதில் 14 மாதங்கள் வீணாயின. பணம் இல்லாததால் வீணாகவில்லை, செய்த வேலைகளின் வரிசை தப்பியதால் வீணாயின. நான் மாதாமாதம் மாத்திரை விழுங்கி, ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவருக்குச் சில நூறு ரூபாயில் முடிகிற ஒரு பரிசோதனையை யாரும் எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசியில் எடுத்தபோது விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதைப் பற்றித்தான். நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடலுக்கு என்ன பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம் மிஞ்சும். 37 வயதில் சுமார் 25,000. புதிதாக எதுவும் உருவாவதில்லை. எண்ணிக்கை குறைவதைவிடப் பெரிய சிக்கல் தரம். இத்தனை ஆண்டுகள் காத்திருந்த முட்டை கடைசி நேரத்தில் குரோமோசோம்களைச் சரியாகப் பிரிப்பதில் தடுமாறும். அதனால்தான் 30 வயதில் ஒரு மாத முயற்சிக்கு 20 சதவீதம் அளவில் இருக்கும் வாய்ப்பு, 40-ல் 5 சதவீதம் அளவுக்கு வந்துவிடுகிறது. கருச்சிதைவும் அதே காரணத்தால் கூடுகிறது. 40 வயதில் தரிக்கும் கருக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தங்குவதில்லை. டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் கோளாறு உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35-ல் 350-க்கு ஒன்று, 40-ல் 100-க்கு ஒன்று, 45-ல் 30-க்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மாதத்துக்கு ஐந்து சதவீதம் என்பது சின்ன எண்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. நம் கையில் இருப்பது அந்த ஐந்தை இரண்டாகக் குறைக்கிற தவறுகளை நீக்குவது மட்டும். ஐந்தை இருபதாக்குகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

35 வயதுக்குள் என்றால் ஓர் ஆண்டு முயன்ற பிறகு மருத்துவரைப் பார்க்கலாம். 35 தாண்டினால் ஆறு மாதம். 40 ஆகிவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், முயற்சி தொடங்கும் மாதமே பரிசோதனைக்கும் மாதம். "இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்" என்பது 28 வயதுக்காரிக்குச் சொல்ல வேண்டிய ஆறுதல்.

முதல் படி: கணவரின் பரிசோதனை

இதுதான் மிக மலிவு, மிக எளிது. இதன் முடிவு மற்ற எல்லாவற்றையும் மாற்றும். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கும். ஆனாலும் நம் வீடுகளில் பெண்ணுக்கு எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் "அவருக்கும் ஒண்ணு எடுத்துப் பார்த்திடலாமா" என்று மெல்ல வருவார்கள். என் மாமியார் "அவனுக்கு என்ன குறை" என்றார். நான் வாதாடவில்லை. "நீங்க போகிற வரைக்கும் நானும் மாத்திரை போடப் போவதில்லை" என்று கணவரிடம் சொன்னேன். இரண்டு வாரத்தில் போனார்.

விந்து பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி வேண்டும். பத்து நாள் அடக்கி வைத்தால் முடிவு நன்றாக வரும் என்பது தப்பு, பழைய விந்தணுவில் ஓட்டம் குறைந்திருக்கும். லேபிலேயே மாதிரி கொடுப்பது நல்லது. கூச்சம் என்றால் வீட்டில் எடுத்து, சட்டைப் பைக்குள் உடல் சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். முதல் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அளவுகளின்படி கீழ் எல்லை இது: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், அசைபவை 42 சதவீதம், சரியான வடிவம் கொண்டவை 4 சதவீதம். ஆம், நான்குதான். "96 சதவீதம் கோளாறு" என்று ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும், அது சாதாரணம். ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. குறைவாக வந்தால் சில வாரங்கள் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும்.

விந்தணு உருவாகி முதிர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். ஆகவே இன்று சிகரெட்டை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத் தெரியும். டெங்கு, டைபாய்டு போல கடும் காய்ச்சல் வந்திருந்தால் அந்த மூன்று மாத ரிப்போர்ட் மோசமாக வரலாம். புகையிலை, குட்கா, தினமும் குடி, உலைக்கருகில் வேலை, மணிக்கணக்கில் சூடான இருக்கையில் வண்டி ஓட்டுவது, இவை எல்லாம் பாதிக்கும். ஜிம்மில் போடுகிற டெஸ்டோஸ்டிரோன் ஊசியை எல்லாவற்றுக்கும் மேலே எழுத வேண்டும். ஆண்மை கூடும் என்று நினைத்துப் போடுகிறார்கள், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். நிறுத்திய பிறகு திரும்பி வரப் பல மாதம் பிடிக்கும்.

எண்ணிக்கை சற்றுக் குறைவு என்றால் பழக்கங்களை மாற்றிக்கொண்டே முயற்சியைத் தொடரலாம். மிகக் குறைவு அல்லது பூஜ்யம் என்றால் நாள் கணக்கு பார்ப்பதில் அர்த்தமில்லை. உடனே சிறுநீரகவியல் அல்லது ஆண் மலட்டுத்தன்மை மருத்துவரிடம் போக வேண்டும். விதைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம் (வெரிகோசீல்), பழைய குடலிறக்க அறுவை, அடைப்பு என்று சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம். எதுவும் ஆகாது என்றால், தானமாகப் பெற்ற விந்தணுவை வைத்து ஐயுஐ (விந்தணுவை நேரே கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிகிச்சை) செய்வது ஐவிஎஃப்பைவிடப் பல மடங்கு மலிவு. அதற்கு இருவரும் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும், பதிவு பெற்ற வங்கியிலிருந்துதான் விந்தணு வர வேண்டும். உறவினர், நண்பர் என்று ஏற்பாடு செய்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இரண்டாம் படி: உங்கள் பரிசோதனை, எல்லாம் ஒரே சுற்றில்

தலைக்குக் குளித்த நாள் என்று பழைய கணக்கை வைக்காமல், ரத்தம் வந்த முதல் நாளையே ஒன்று என்று எண்ணுங்கள். இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் பெண்ணுறுப்பு வழி ஸ்கேன். அதில் இரண்டு சினைப்பையிலும் தெரியும் சிறு முட்டைப் பைகளை எண்ணுவார்கள். கட்டி, நீர்க்கட்டி, கர்ப்பப்பைச் சதை வளர்ச்சி இருந்தாலும் அதிலேயே தெரியும். அதே வாரம் ரத்தத்தில் தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) எதிர்ப்புச் சக்தி. மாதவிலக்கு தாறுமாறாக வந்தால் கூடவே பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின். இவை எல்லாம் பெரும்பாலும் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும்.

அப்புறம் ஏஎம்எச், சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளைக் கணிக்கும் ரத்தப் பரிசோதனை. எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் எழுதுவது இதைத்தான். பூஜ்யம் புள்ளி ஏதோ என்று வந்தவுடன் "உடனே ஐவிஎஃப், இல்லாவிட்டால் முடிந்தது" என்று சொல்லி அனுப்புவார்கள். நம் ஊரில் "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பார்களே, சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்றும் அதற்கு ஒரு பொருள் சொல்வார்கள். ஏஎம்எச் சட்டியில் எத்தனை இருக்கிறது என்று மட்டும் சொல்கிற பரிசோதனை. இந்த மாதம் அகப்பையில் ஏறுகிற ஒன்று நல்லதா என்று அதற்குத் தெரியாது. 30 முதல் 44 வயது வரையிலான, மலட்டுத்தன்மை வரலாறு இல்லாத பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், ஏஎம்எச் குறைவானவர்கள் இயற்கையாகக் கருத்தரிப்பதில் பின்தங்கவில்லை என்று தெரிந்தது. ஊசி போட்டால் ஐவிஎஃப்பில் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்கத்தான் அது உதவும். நீங்கள் ஐவிஎஃப் போகப் போவதில்லை என்றால் அந்த ஆயிரத்துச் சொச்சத்தைக் கீழே சொல்லப்போகிற குழாய்ப் பரிசோதனைக்கு வையுங்கள். இது என் கருத்து.

கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே பரிசோதனைக்கு எச்எஸ்ஜி என்று பெயர், டியூப் டெஸ்ட் என்று சொன்னாலும் புரியும். ரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெடிப்பதற்கு முன், பெரும்பாலும் ஆறிலிருந்து பதினோராம் நாளுக்குள் எடுப்பார்கள். வலிக்கும். "ஒண்ணும் தெரியாதும்மா" என்று சொல்வதை நம்பாமல் ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். சிலருக்கு இதற்குப் பிறகு வரும் மாதங்களில் கரு தங்குவதும் உண்டு. இந்தியாவில் குழாய் அடைப்புக்கு ஒரு முக்கியக் காரணம் பிறப்புறுப்புக் காசநோய். இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே அது இருக்கும். முன்பு டிபி வந்திருந்தாலோ வீட்டில் யாருக்காவது இருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இரண்டு குழாயும் அடைபட்டிருந்தால் மாத்திரை, ஊசி, ஐயுஐ எதுவும் வேலை செய்யாது. முட்டையும் விந்தணுவும் சந்திக்கும் இடமே குழாய்தான். குழாயைப் பார்க்காமலேயே ஐந்து ஐயுஐ செய்துகொண்டு வந்த பெண்ணை ஒரு காத்திருப்பு அறையில் பார்த்தேன். அவருக்கு 41.

மூன்றாம் படி: உடலைத் தயார் செய்வது

இதில் பெரிய ரகசியம் இல்லை. ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது. சர்க்கரை நோய், வலிப்பு மாத்திரை, முன்பு நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள (மூளையோ முதுகுத்தண்டோ சரியாக உருவாகாத) குழந்தை என்று ஏதாவது இருந்தால் 5 மில்லிகிராம் தருவார்கள். நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதே 5 மில்லிகிராம்தான். எதை எடுப்பது என்று கேட்டு எடுங்கள்.

நாற்பதை ஒட்டியவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. பலர் ஏற்கெனவே ஏதாவது மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார்கள். ரத்த அழுத்தத்துக்கு நம் ஊரில் சாதாரணமாக எழுதும் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ராமிபிரில் ஆகியவை கர்ப்பத்தில் கூடாதவை. கொழுப்புக்கான ஸ்டாட்டின், வலிப்புக்கான வால்ப்ரோயேட் இரண்டுக்கும் முயற்சி தொடங்கும் முன்பே மாற்றுவழி பேச வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். "குழந்தைக்கு முயல்கிறோம்" என்று சொல்லி மாற்றி வாங்குங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 6.5-க்குக் கீழே வருவது இலக்கு. 10-க்கு மேல் இருந்தால் அது குறையும் வரை முயற்சியையே தள்ளிவைக்கச் சொல்வார்கள். ருபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லை என்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கழித்து முயலலாம்.

லேகியம், சூரணம், பற்பம் பற்றிக் கேட்பீர்கள். முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் சாப்பிடுங்கள், யார் தடுத்தார்கள். பெயர் எழுதாத டப்பாவில் வரும் பொடி வேண்டாம். உலோகம் சேர்த்துச் செய்யும் சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் அளவுக்கு மேல் இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது, இரண்டும் சிசுவின் மூளைக்கு நஞ்சு. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோவில் நெய்யை நானும் 48 நாள் சாப்பிட்டேன். மனசுக்கு நன்றாக இருந்தது. ஆனால் அந்த 48 நாளில் எச்எஸ்ஜி தேதியைத் தள்ளிப் போட்டேன், அதைச் செய்திருக்கக் கூடாது.

நான்காம் படி: நாள் கணக்கு

காசே இல்லாமல் வாய்ப்பைக் கூட்டுவது இது ஒன்றுதான். இதில்தான் நாற்பதை ஒட்டியவர்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள்.

முட்டை வெடித்த பிறகு 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும். ஆகவே முட்டை வெடிக்கும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும், மொத்தம் ஆறு நாள்தான் வாய்ப்பு. அதிலும் வெடிப்பதற்கு முந்தைய இரண்டு நாள் மிகச் சிறந்தவை. வெடித்த மறுநாள் கதவு மூடிவிடும்.

எல்லோரும் பதினான்காம் நாள் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அது 28 நாள் சுற்று உள்ளவருக்கு. முட்டை வெடித்த பிறகு அடுத்த மாதவிலக்கு வர ஏறத்தாழ 14 நாள் ஆகும், எனவே பின்னாலிருந்துதான் எண்ண வேண்டும். வயது ஏற ஏறச் சுற்றின் முன்பாதி சுருங்கும். இருபதுகளில் 29 நாளாக இருந்த என் சுற்று 40-ல் 25 ஆகிவிட்டது. அப்படியென்றால் முட்டை வெடிப்பது பதினோராம் நாள். நானோ பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை விரதம் போல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதம் மூடிய கதவைத் தட்டியிருக்கிறேன்.

கடந்த ஆறு மாதச் சுற்றுகளைக் காலண்டரில் குறித்துப் பாருங்கள். மிகக் குறுகியது 24 நாள் என்றால் ஐந்தாம், ஆறாம் நாளிலிருந்தே தொடங்க வேண்டும், அதாவது ரத்தப்போக்கு நின்ற உடனே. அடுத்த அடையாளம் வெள்ளைப்படுதல். முட்டையின் வெள்ளைக்கரு போல வழுக்கி, இரண்டு விரலுக்கிடையே இழுத்தால் நூலாக நீள்கிற நாள்கள்தான் கரு தங்க வாய்ப்புள்ள நாள்கள். வயதோடு இது குறைந்து ஒரே ஒரு நாள் மட்டும் தெரியலாம். அதனால் காலையிலும் மாலையிலும் கவனியுங்கள்.

சிறுநீரில் பார்க்கும் முட்டை ஸ்டிரிப் மருந்துக் கடையில் கிடைக்கும். அதில் இரண்டாம் கோடு அழுத்தமாக வந்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கலாம். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்குபவர்களுக்கும் எல்லா நாளும் கோடு காட்டி ஏமாற்றும், அப்போது அதை நம்ப வேண்டாம். காலையில் உடல் சூடு பார்க்கும் முறை முட்டை வெடித்த பிறகுதான் சொல்லும். இரண்டு மாதம் பார்த்து உங்கள் சுற்றைப் புரிந்துகொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அந்த ஆறு நாளில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும். "சத்து சேரட்டும்" என்று பத்து நாள் விலகியிருப்பது கெடுதல். கடையில் விற்கும் வழுவழுப்பு ஜெல்களில் பல விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும். காலைத் தூக்கிச் சுவரில் வைப்பது, இடுப்புக்கடியில் தலையணை, மறுநாள் வேலைக்குப் போகாமல் படுத்திருப்பது எதற்கும் பலன் இல்லை.

இதை எல்லாம் எழுதுவது சுலபம். இரண்டு அறை வீட்டில் மாமனார் மாமியாரோடு, கணவருக்கு நைட் ஷிஃப்ட் என்றால்? திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை என்றால்? விடுமுறையைத் தீபாவளிக்கு எடுப்பதா, உங்கள் சுற்றுக்கு எடுப்பதா என்று பேச வேண்டியிருக்கும். ஊரில் இல்லாதவர்கள் ஒரு முறை வந்தபோது விந்தணுவை உறைய வைத்துவிட்டுப் போவதும் உண்டு, பிறகு அதை ஐயுஐக்கு எடுக்கலாம். வருடத்தில் இரண்டு மாதம்தான் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வந்திருப்பது மலட்டுத்தன்மை இல்லை, பிரிவு. அதற்கு மாத்திரை கிடையாது.

ஐந்தாம் படி: மலிவான சிகிச்சைகள், எத்தனை முறை

லெட்ரோசோல், குளோமிஃபீன் இரண்டும் முட்டையை வளர்க்கும் மாத்திரைகள். மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாள் போடுவது வழக்கம். முட்டையே வராதவர்களுக்கு, குறிப்பாக நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு, அருமையான மருந்து. மாதாமாதம் ஒழுங்காக முட்டை வரும் 41 வயதுக்காரிக்கு அது தரும் லாபம் சொற்பம். அவருக்கு முட்டை வருகிறது, முட்டையின் தரம்தான் பிரச்சினை, அதை எந்த மாத்திரையும் மாற்றாது. குளோமிஃபீனில் நூறில் ஐந்து முதல் பத்து கர்ப்பம் இரட்டையாக அமையலாம். நாற்பதில் இரட்டைக் கர்ப்பம் சுலபமானதல்ல. ஸ்கேன் பார்க்காமல் மருந்துக் கடையில் நேரே வாங்கி மாதக் கணக்கில் போடுவது கூடவே கூடாது.

ஐயுஐ என்றால் விந்தணுவைக் கழுவி, நல்லதைப் பிரித்து, முட்டை வெடிக்கும் ஊசி போட்டு, நேரம் பார்த்துக் கர்ப்பப்பைக்குள் வைப்பது. சில ஆயிரங்களில் முடியும். குழாய் திறந்திருந்து, எண்ணிக்கை லேசாகக் குறைந்தவர்களுக்குப் பொருந்தும். நாற்பது தாண்டினால் ஒரு முறைக்கு வெற்றி வாய்ப்பு மிகக் குறைவு. 38 முதல் 42 வயதுப் பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையில், மாத்திரையோடோ ஊசியோடோ ஐயுஐ செய்தவர்களைவிட நேரே ஐவிஎஃப் சென்றவர்களுக்கு விரைவில் கரு தங்கியது. ஆகவே வரம்பு வையுங்கள்: மூன்று முறை. நான்காவது முறைக்கான பணத்தை எடுத்து வைத்துவிட்டு யோசியுங்கள்.

ஐவிஎஃப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். அது வயதை அழிக்கிற இயந்திரம் இல்லை. 43, 44 வயதில் சொந்த முட்டையில் ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் அளவில்தான் என்று பிரிட்டன் கணக்குகள் சொல்கின்றன. வீட்டை அடமானம் வைக்கும் முன், தாலிக்கொடியைக் கழற்றும் முன், "என் வயதில், சொந்த முட்டையில், போன வருடம் இங்கே எத்தனை பேர் முயன்றார்கள், எத்தனை பேர் குழந்தையோடு போனார்கள்" என்று கேளுங்கள். "பாசிட்டிவ்" எத்தனை என்று சொன்னால் திரும்பவும் குழந்தை எத்தனை என்று கேளுங்கள். பேக்கேஜில் மருந்தும் ஊசியும் சேருமா, உறைய வைத்ததற்கு ஆண்டுக் கட்டணம் உண்டா என்பதும் அப்போதே தெரிய வேண்டும்.

2021-ல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி இந்தச் சிகிச்சைகளுக்குப் பெண் 50 வயதுக்குள்ளும் ஆண் 55 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். ஐயுஐ மட்டும் செய்யும் கிளினிக்காக இருந்தாலும் பதிவு கட்டாயம். கருமுட்டை தானம் செய்யும் பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. தான முட்டையில் வாய்ப்பு அந்தப் பெண்ணின் வயதைப் பொறுத்தது, அதனால்தான் அது கூடுதல். செலவும் கூடுதல். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசின் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. தனியாரிடம் பணம் கட்டும் முன் ஒரு முறை அங்கே போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

நாள் தள்ளிப்போனால்

வீட்டில் பரிசோதித்துப் பாசிட்டிவ் என்றால் ஆறு, ஏழு வாரத்தில் ஸ்கேன். கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. வயதோடு குழாய்க் கர்ப்பம் கூடும். ஒரு பக்க அடிவயிற்று வலி, ரத்தக் கசிவு, தலைச்சுற்றல், தோள்பட்டை வலி வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, கர்ப்பத்தை அரசுக் கணக்கில் சேர்க்கும் பிக்மி எண் வாங்குங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் என்டி ஸ்கேனும் (சிசுவின் பின்கழுத்து நீரை அளந்து குரோமோசோம் கோளாறின் அறிகுறி பார்ப்பது) ரத்தப் பரிசோதனையும். பத்தாம் வாரத்திலிருந்து தாயின் ரத்தத்திலேயே குரோமோசோம் கோளாறைத் தேடும் பரிசோதனையும் உண்டு, விலை அதிகம். இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் முடிவு எதுவானாலும் யோசிக்க அவகாசம் வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்த வயதில் கூடும் என்பதால், குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டிக் கேளுங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள்.

கரு தங்காமல் போனால், நீங்கள் மாடிப்படி ஏறியதாலோ பப்பாளி தின்றதாலோ அல்ல. எனக்கு எட்டாம் வாரத்தில் அப்படி ஆனது. அதன் பிறகு ஒரு வளைகாப்புக்கும் நான் போகவில்லை, யாரிடமும் காரணம் சொல்லவும் இல்லை. நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் படியை முதல் மாதமே செய்யுங்கள்

எங்கே நிறுத்துவது என்று தொடங்கும்போதே இருவரும் உட்கார்ந்து ஒரு தேதியும் ஒரு தொகையும் எழுதி வையுங்கள். நடுவில் எழுத முடியாது. ஒவ்வொரு மாதமும் "இன்னும் ஒரே ஒரு முறை" என்று தோன்றும். நாங்கள் எழுதியது என் 43-ஆம் பிறந்தநாளும் எண்பதாயிரம் ரூபாயும். இரண்டும் தீர்ந்தன, நிறுத்தினோம்.

தத்தெடுப்பை "எல்லாம் தோற்ற பிறகு" என்று ஒத்திப்போடுபவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்கத் தவறுகிறார்கள். இந்தியாவில் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் விதிகளில், கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்தக் கூட்டு 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90, நான்கு முதல் எட்டுக்கு 100. உங்களுக்கு 41, அவருக்கு 44 என்றால் இன்று 85. அடுத்த வருடம் பதியப்போனால் கைக்குழந்தை கிடையாது. பதிவு செய்த நாளின் வயதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், காத்திருப்போ சில ஆண்டுகள். நான் இதைத் தெரிந்துகொண்டபோது எங்கள் கூட்டு 89. இரண்டு வயது தாண்டிய குழந்தைக்குத்தான் பதிய முடிந்தது, இப்போது காத்திருக்கிறோம்.

பதிவு இணையத்தில்தான். கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பான் அட்டை, பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, இருவரும் சேர்ந்திருக்கும் படம், திருமணச் சான்று வேண்டும். எங்களைப் போலக் கோவிலில் தாலி கட்டி, பத்திரிகையை மட்டும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிந்துவிட்டு வாருங்கள். அந்தச் சான்றைச் சிகிச்சைக்கான கிளினிக்கிலும் கேட்பார்கள்.